ராகுகாலத்து பேக்கப்

என் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கித்தான் அவர் எனக்கு அறிமுகமானார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். மற்றவர்கள் என்றால் ஸ்வீட் பாக்கெட்டை நீட்டி ஊர், பேர் சொல்வார்கள். இவர் நேராக வந்து என் மேசைக்கு அடியில் குனிந்தார். ஏதோ விழுந்ததைத் தேடுகிறார் போலிருக்கிறது என்று நானும் மரியாதையாகக் காலை ஒதுக்கிக் கொடுத்தேன். திரை கறுத்துப் போனது.

“என்னம்மா பண்றீங்க? காலைலருந்து அடிச்சது அம்புட்டும் போச்சே!”

“போயிருச்சாண்ணே?”

“போகாம?”

“தானா பேக்கப் ஆயிக்கிட்டே இருக்கும்னு மேனேஜர் சொன்னாரு. எடுத்தது இருக்கட்டும். இப்பத் திருப்பிக் காட்டுங்க.”

திருப்பிக் காட்ட முடியவில்லை. பேக்கப் எடுக்கிற பெட்டி என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த பெட்டி, பச்சை விளக்கை மட்டும் சமர்த்தாக எரித்துக்கொண்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் பல மாதமாக உட்கார்ந்திருந்தது. மேனேஜர் விளக்கைப் பார்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஒயரைப் பிடுங்கிய அம்மாவுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆபீசில் யாரும் அதைப் புழங்கவில்லை. முன்னால் ‘மேடம்’, பின்னால் ‘திருப்பிக்காட்டு’. பின்னால் கூப்பிடுவது அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை. கணவருக்குக் கோயம்புத்தூர் மாற்றலாகி அவர் வேலையை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர் தொல்லை இல்லாமல் நிம்மதியாக இருக்கிறோம் என்று சொல்லத்தான் ஆசை.

எங்களுடையது இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனி. மீமிசலில் ஆலை, புதுக்கோட்டையில் மாடியில் ஆபீஸ். வெளிநாட்டுக்காரன் இறாலைத் தின்பதற்கு முன்னால் காகிதத்தைத் தின்கிறவன். எந்தப் பண்ணை, என்ன தீவனம், மருந்து கலந்ததா இல்லையா என்று ஒவ்வொரு லோடுக்கும் லேப் ரிப்போர்ட் கேட்பான். வாங்கித் தின்று செரித்து வருஷக்கணக்கான பிறகும் கேட்பான். அதனால் பழைய மெயில், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தனியாக ஒரு சர்வரில் ஏற்றி வைத்திருந்தோம். ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயர். நாங்கள் ‘பரண்’ என்போம். டாக்குமென்ட் பிரிவு என் பொறுப்பு. கேட்ட ரிப்போர்ட் பரணிலிருந்து இறங்கி வருகிறவரைதான் எனக்கு அந்த ஆபீசில் நாற்காலி.

அந்தப் பரணைக் காக்க வந்தவர்தான் மேடம். பரணை மட்டும் காத்திருந்தால் தேவலை.

ஒருமுறை ஆபீஸ் காரில் மீமிசலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஆவுடையார்கோயில் தாண்டி, ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் டிரைவரை நிறுத்தச் சொன்னார். “அண்ணே, ஸ்டெப்னி இருக்கா?” என்றார். “புதுசா கெடக்கு மேடம்” என்றார் டிரைவர். “மாட்டிக் காட்டுங்க.” நன்றாக ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினார்கள். மாட்டியதும் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் காற்று பார்த்ததில்லை. டிரைவர் முறைத்தார், நான் முறைத்தேன், மேடம் மட்டும் தேர் நிலைக்கு வந்ததைப் பார்த்தவர் போலச் சந்தோஷமாக நின்றார். “பாத்தீங்களா, நெசமாவே பஞ்சராகியிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்றார். இப்போது என்ன ஆகியிருக்கிறது என்பதை அவருக்கு விளக்க எங்கள் இருவருக்கும் தெம்பில்லை.

கல்யாணத்தையே இப்படித்தான் முடித்திருக்கிறார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, “வேலைக்குப் போறத நான் தடுக்க மாட்டேங்க” என்றிருக்கிறார். எல்லா மாப்பிள்ளையும் சொல்வதுதான். நிச்சயத்துக்கு முன்னால் ஒருநாள் மேடம் போன் பண்ணி, “அன்னைக்கு வேலையப் பத்தி என்னமோ சொன்னீங்க, மறந்து போச்சு” என்று கேட்டிருக்கிறார். அந்த நல்ல மனிதர் ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறார். “மாத்திச் சொல்லியிருந்தா?” என்று கேட்டேன். “வேற எடம் பாத்திருப்போம்” என்றார், சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே.

பரண் விஷயத்துக்கு வருகிறேன். அதை நகல் எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரிப்போர்ட்டுகள் ஒரு பக்கம் இருக்கும். எந்த ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்று சொல்கிற இண்டெக்ஸ் இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். எடுத்து முடிக்கிறவரை பரணுக்குள் புதிதாக ஒன்றும் ஏறக்கூடாது. ஏறினால் இண்டெக்ஸ் ஒன்று சொல்லும், ரிப்போர்ட் வேறெங்கோ இருக்கும். “போன வாரத்துப் பூட்டு, இந்த வாரத்துச் சாவி. தெறக்குமாண்ணே?” என்பார் மேடம்.

ஆனால் எங்கள் ஆபீசில் எல்லோரையும் ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்க வைப்பது யாரால் முடியும்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பார்த்தார். ஒரு கையில் சோறும் ஒரு கையில் மவுசுமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாயந்தரம் சொல்லிப் பார்த்தார். ஆலையில் அப்போதுதான் வேலை சூடு பிடிக்கும். கடைசியில் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனார். நானும் ஒரு கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன்.

எங்கள் முதலாளி ராகுகாலத்தில் கூரியர்காரனிடம்கூட கையெழுத்துப் போட மாட்டார். அந்த நேரத்தில் லோடு கிளம்பாது, மெயில் போகாது. பெரியவர் இப்படி என்றால் சிறியவர்கள் எப்படி இருப்பார்கள்? ராகுகாலம் முடிகிறவரை ஆபீசே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

“சார், வெள்ளிக்கெழம பத்தரைலருந்து பன்னெண்டு வரைக்கும் பேக்கப் எடுத்துக்கறேன்” என்றார் மேடம்.

“வெள்ளிக்கெழம பத்தரையா? ராகுகாலமாச்சேம்மா. ராகுகாலத்துல போயி நல்ல காரியம் செய்யலாமா?”

“இது நல்ல காரியம் இல்லீங்க சார். கெட்டது நடந்தா என்ன செய்யிறதுன்னு பாக்குற காரியம். இதுக்கு அந்த நேரந்தான் பொருத்தம்.”

முதலாளி யோசித்தார். சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை. “சரி, எடு” என்றார். உலகத்தில் வேறெங்காவது ராகுகாலம் பார்த்து சர்வருக்கு பேக்கப் எடுக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது பிரமாதமாக வேலை செய்தது. எல்லோரும் வடையும் டீயுமாக உட்கார்ந்துவிடுவார்கள், பரண் அசையாமல் கிடக்கும், நகல் சுத்தமாக இறங்கும். அதோடு விட்டால் மேடம் இல்லையே. எடுத்த நகலை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, எங்களில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். “நான் சொல்ல மாட்டேன். நீங்களே எழுப்பிக் காட்டுங்க.” பெருக்க வருகிற அக்கா ஒருத்தர்தான் இதிலிருந்து தப்பியவர்.

இரண்டு ஹார்ட் டிஸ்க். இந்த வாரத்து நகல் ஆபீஸ் பீரோவில் இருக்கும். போன வாரத்து நகல் திருவரங்குளத்தில் மேடத்தின் வீட்டுக்குப் போய்விடும். ஆபீசே எரிந்தாலும் ஒன்று தப்ப வேண்டுமாம். வீட்டில் அதைக் காப்பவர் அவருடைய மாமியார். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க அரிசி அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாழ்ந்த மனுஷி. டிஸ்க்கை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார்.

மாமியாருக்கும் பரீட்சை உண்டு. விதி ஒன்றே ஒன்றுதான்: மருமகள் தன் வாயால் சொன்னால்தான் சம்படம் வெளியே வரும். மேடம் ஒருநாள் டிரைவரை அனுப்பி, “மேடம் குடுக்கச் சொன்னாங்க” என்று சொல்ல வைத்தார். டிரைவருக்கு மோர் கிடைத்தது, சம்படம் கிடைக்கவில்லை. இன்னொரு நாள் மேனேஜரை முதலாளி குரலில் போனில் பேச வைத்தார். “மொதலாளியா இருந்தா என்ன? மருமகளக் கூப்புட்டுப் பேசச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டாராம். அன்று மேடம் ஆபீஸ் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொந்தப் பிள்ளை முதல் மார்க் வாங்கினால்கூட அத்தனை பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

அந்த மேடத்துக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தஞ்சாவூரில் ஆபரேஷன். ஆபரேஷன் பெரியதில்லை, மயக்க மருந்துதான் பயம். மூத்த பிள்ளை பிறந்தபோது கொடுத்த மயக்கத்தில் வெகுநேரம் கண் விழிக்காமல் வீட்டையே கதிகலங்க அடித்தவர். லீவு சொல்ல வந்த அன்று நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் பார்த்தேன்.

“மயக்க டாக்டர்கிட்டக் கேட்டேண்ணே. மயக்கம் குடுக்குறது இருக்கட்டும், திருப்பி எழுப்பிருவீங்களான்னு.”

“என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு. சிரிக்கிறவங்க மேல எனக்கு நம்பிக்கை இல்ல.”

அவரும் சிரிக்கத்தான் பார்த்தார். சரியாக வரவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அவர் லீவில் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை பேக்கப் பொறுப்பு மேனேஜரிடம். மேனேஜருக்கு இது கன்னி முயற்சி. முதல் முதலாகக் கை வைக்கிற வேலையை ராகுகாலத்தில் தொடங்க அவருக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு அடிக்கும்வரை காத்திருந்து, சர்வருக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, நல்ல நேரத்தில் ஆரம்பித்தார். அதே பன்னிரண்டுக்குத்தான் ராகுகாலம் முடிந்ததென்று ஆபீசும் ஆலையும் சேர்ந்து, தேக்கி வைத்த வேலையை எல்லாம் பரணில் கொட்டத் தொடங்கின. மேனேஜர் எடுத்தார், எடுத்தார், ஆபீஸ் டிஸ்க்கில் இருந்த நல்ல நகலின் மேலேயே எடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அவருக்குத் திருப்தி.

அடுத்த வாரம் பெய்த மழையில் ஒரு இடி. விளக்கெல்லாம் ஒருமுறை துள்ளி அணைந்தது. மற்றதெல்லாம் திரும்ப வந்தது. பரண் வரவில்லை.

அதுவும் எந்த நேரத்தில்? எங்கள் கன்டெய்னர் ஒன்று வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பண்ணை இறாலில் மருந்து வாடை என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அந்தப் பண்ணையின் பழைய லேப் ரிப்போர்ட் அத்தனையும் நாளைக்குள் வர வேண்டும், இல்லையென்றால் சரக்கும் வேண்டாம், இனிமேல் நீங்களும் வேண்டாம் என்று சரக்கு வாங்குகிறவனிடமிருந்து மெயில் வந்துவிட்டது. அவன்தான் எங்களுக்குப் பெரிய கிராக்கி. அவன் போனால் மீமிசல் ஆலையில் இறால் உரிக்கிற பெண்களுக்கு அந்த சீசனே வேலை கிடையாது. என் நாற்காலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜரின் சுபமுகூர்த்த நகலை மாற்று சர்வரில் ஏற்றினோம். இண்டெக்ஸ் எழுந்தது. ரிப்போர்ட்டைக் கேட்டால் ‘இல்லை’ என்றது. இன்னொன்றைக் கேட்டோம். அதுவும் இல்லை. பூட்டு ஒரு வாரம், சாவி ஒரு வாரம். மேனேஜர் காலண்டரைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். என் பார்வையில் மரியாதை இருந்ததாக ஞாபகமில்லை.

மீதி இருந்தது அரிசி டின்னுக்குள் இருந்த ஒன்றுதான். மறுநாள் காலை கார் எடுத்துக்கொண்டு திருவரங்குளத்துக்குப் போனேன். அன்றைக்குத்தான் மேடத்துக்கு ஆபரேஷன், முந்தின ராத்திரியிலிருந்தே அவர் போனை அணைத்து வைத்திருந்தார்கள்.

மாமியார் வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும், சோறு போட ஆள் வேண்டுமே என்று தஞ்சாவூருக்குப் போகவில்லை. கையில் போனைப் பிடித்தபடி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தம்பி. மோர் குடிக்கிறீங்களா?”

“மோர் வேணாம் ஆத்தா. சம்படம் வேணும்.”

“அவ சொல்லணுமே.”

“அவங்க ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்களே ஆத்தா. எப்படிச் சொல்லுவாங்க?”

“தெரியும். வெளில வந்து சொல்லட்டும்.”

விஷயத்தைச் சொன்னேன். கன்டெய்னரைச் சொன்னேன், உரிக்கிற பெண்களைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். முதலாளிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை உண்மையான முதலாளி. “முன்னாடியும் இதே கொரல்லதான் ஒருத்தரு பேசுனாரு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலாளி தன் வாழ்நாளில் அப்படி ஒரு பேச்சு கேட்டிருக்க மாட்டார்.

“சத்துணவு அரிசிச் சாவிய பெரிய ஆபீசரு வந்து கேட்டப்பவே, எழுத்துல குடுங்கன்னு கேட்டவ தம்பி நான். எங்கிட்ட நம்பிக் குடுத்தா அவ திரும்ப வந்து கேக்குற வரைக்கும் அப்படியே இருக்கணும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அவங்க வந்து சொல்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிரும் ஆத்தா! அவங்க வராம…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு ஜோடித் தோடும் இரண்டு வளையலும் இருந்தன.

“கழட்டிக் குடுத்துட்டுப் போனா. ‘வந்து கேப்பேன், பத்திரமா வெச்சிருங்க அத்தை’ன்னா” என்றார். “கேப்பா. அவ கேக்காம விட மாட்டா.”

அப்புறம் நான் சம்படத்தைக் கேட்கவில்லை. கொண்டுவந்து வைத்த மோரைக் குடித்தேன். ஆபீசிலிருந்து மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து மேடத்தின் கணவர் ஒருமுறை பேசினார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னும் கண் விழிக்கவில்லை என்றார். மாமியார் முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார். வெயில் சாயத் தொடங்கியது. கன்டெய்னரை நான் மறந்தே போனேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தஞ்சாவூரில் அந்தப் பொம்பளை எழுந்தால் போதும், நாற்காலி போனால் போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது.

“சொல்லுடா… முழிச்சுட்டாளா? நல்லா முழிச்சுட்டாளா? பேசுனாளா?… என்னடா கேட்டா?… தண்ணி கேட்டாளா?”

போனை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே ஓடினார். நானும் பின்னால் போனேன். அரிசி டின்னுக்குள் தோள் வரை கையை விட்டுச் சம்படத்தை இழுத்தார். தரையெல்லாம் அரிசி கொட்டியது. கண்ணீரும் மூக்குமாக அதை என் கையில் திணித்தார்.

“இந்தாங்க, தூக்கிட்டுப் போங்க.”

நான் ஒரு மடையன். “மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா ஆத்தா?” என்றேன்.

“அவளே திரும்பி வந்துட்டா. இது என்ன பெரிய டப்பா! போங்க தம்பி!”

அன்று சாயந்தரமே பரணை எழுப்பினோம். மேடம் எங்களைப் போட்டு வதைத்த வதையில் என் கை தானாக வேலை செய்தது. முதலில் ரிப்போர்ட்டுகள், பிறகு இண்டெக்ஸ், அதுவரை பரணுக்குள் புதிதாக எதையும் ஏற விடக்கூடாது. கடைசியாக ஒரு பழைய ரிப்போர்ட்டைக் கேட்டேன். வந்தது. ராகுகாலத்தில் எடுத்தது, ஒரு சொல் குறையாமல் வந்தது. எல்லாவற்றையும் அனுப்பினோம். கன்டெய்னரும் தப்பியது, ஆலையும் தப்பியது. முதலாளி நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்தார். மேனேஜர்தான் சூடம் காட்டினார், அவர் அதில் கெட்டிக்காரர்.

மேடம் இளைத்துப்போய், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி:

“அத்தை ஒடனே குடுத்துட்டாங்களாண்ணே, இல்ல இழுத்தடிச்சாங்களா?”

“பாதி நாளு ஒக்கார வெச்சுட்டாங்க மேடம். மொதலாளி பேசியும் அசையல.”

முகம் பூரித்துப்போனது. “அப்பறம், நான் பேசுனதுக்கப்பறந்தான குடுத்தாங்க? மயக்கத்துல என்ன பேசுனேன்னே ஞாபகமில்ல.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

“இல்ல மேடம். நீங்க பேசவே இல்லையே. ஒங்களுக்கு முழிப்பு வந்துருச்சுன்னு சேதிதான் வந்துச்சு. அரிசியெல்லாம் கொட்டி, அழுதுக்கிட்டே எடுத்துக் குடுத்துட்டாங்க. ஒங்கள ஒரு வார்த்தை கேக்கல.”

மேடம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப அத்தை ஃபெயிலு” என்றார். சொல்லிவிட்டு எழுந்து பாத்ரூம் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண் சிவந்திருந்தது. வந்த கையோடு என் மேசைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கினார். வேலையை விட்டுப் போன நாள்வரை எங்கள் யாரையும் அவர் விடவில்லை. மாமியாருக்கு மட்டும் அதற்குப் பிறகு பரீட்சை வைக்கவே இல்லை.